காணாக்கடியும் காலைத் தும்மலும்

போகி நெருங்கினால் வீடு வீடாக ஒட்டடைக் கம்பு வெளியே வந்துவிடும். வருஷம் முழுக்கப் பரண்மேல் கிடந்த அட்டைப்பெட்டி, பழைய நோட்டுப் புத்தகம், மூட்டை கட்டி வைத்த இலவம்பஞ்சுத் தலையணை எல்லாம் கீழே இறங்கும். அன்று சாயங்காலமே அந்த வீட்டில் யாராவது ஒருவருக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டோடு நிற்காது, அடுக்கடுக்காகப் பத்துப் பதினைந்து வரும். கண் சிவந்து நீர் வழியும். ராத்திரி படுத்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும். "பனி ஒத்துக்கல, சளி பிடிச்சிருச்சு" என்று மிளகு கஷாயம் வைப்பார்கள்.

ஆனால் அது சளி இல்லை, ஒவ்வாமை (அலர்ஜி). சளி என்றால் தொண்டை கரகரக்கும், உடம்பு வலிக்கும், காய்ச்சல் அடிக்கலாம். பத்து நாளில் போய்விடும். இந்த ஒவ்வாமைக்குக் காய்ச்சல் கிடையாது. மூக்கில் தண்ணீராக ஒழுகும். எல்லாவற்றுக்கும் மேலாக அரிப்பு இருக்கும்: மூக்கில், கண்ணில், காதுக்குள்ளே, மேலண்ணத்தில். அதே வீட்டில், அதே நேரத்தில், அதே வேலையைச் செய்யும்போது திரும்பத் திரும்ப வரும்.

உடம்பில் ஏதாவது தடித்தாலும் 'அலர்ஜி', தும்மினாலும் 'அலர்ஜி', கத்திரிக்காய் பிடிக்காவிட்டாலும் 'அலர்ஜி' என்கிறோம். மருந்துக்கடையில் 'அலர்ஜி மாத்திரை' என்று கேட்டால் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. இதனால் இரண்டு கெடுதல் நடக்கிறது. பயப்பட வேண்டாததற்குப் பயந்து பலர் சாப்பாட்டில் பாதியை விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டிய நேரத்தில் சிலர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். எது எந்த வகை என்று பிரித்தறிய, முதலில் கவனிக்க வேண்டியது நேரத்தை. எதற்குப் பிறகு, எத்தனை நிமிஷத்தில், எந்த இடத்தில் வந்தது? நல்ல மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.

இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே!

வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல் 'அலர்ஜி' என்ற பெயரை வைத்தார். இரண்டாவது முறை குதிரைச் சீரம் ஊசி போட்ட குழந்தைகளுக்கு முதல் முறையைவிட வேகமாகவும் கடுமையாகவும் எதிர்வினை வந்ததை அவர் பார்த்திருந்தார். உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புரதத்தை 1966இல் அமெரிக்காவின் டென்வரில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும். இன்று அதற்கு ஐஜிஇ என்று பெயர்.

இறாலோ பூந்தாதோ முதன்முறை உடம்புக்குள் போகும்போது வெளியே ஒன்றும் தெரியாது. சிலருடைய உடம்பு மட்டும் அந்தப் பொருளுக்கென்று ஐஜிஇயைத் தயாரித்து, தோலிலும் மூக்கிலும் நுரையீரலிலும் குடலிலும் இருக்கிற மாஸ்ட் செல்களின் மேல் பதித்து வைக்கிறது. அடுத்த முறை அதே பொருள் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. அரிப்பு, வீக்கம், நீரொழுக்கு, மூச்சுக்குழல் சுருக்கம் எல்லாம் அதன் வேலை. நிமிஷக்கணக்கில் நடந்துவிடும்.

அதனால் "இத்தனை வருஷமா சாப்பிடுறேன், ஒண்ணும் ஆகலையே" என்பது ஒவ்வாமை இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. பழகின பொருளுக்குத்தான் ஒவ்வாமை வரும்.

தலையணைக்குள் ஒரு குடித்தனம்

நம் ஊரில் மூக்கையும் நெஞ்சையும் படுத்துகிற காரணங்களில் முதலிடம் தூசிப் பூச்சிக்கு. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குக் காரணம் இந்தப் பூச்சிதான் என்று நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் 1964இல் காட்டினார்கள். நீளம் 0.3 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். கடலோரத்துப் புழுக்கம் அதற்குத் தோதான இடம். ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அதன் எச்சம்தான். படுக்கையை உதறினால் மேலே பறக்கும். ராத்திரி முழுக்க முகம் புதைத்துப் படுத்தவர் அதை மூச்சோடு இழுப்பார். விடிந்ததும் தும்மல் ஆரம்பிப்பது இதனால்தான்.

குழந்தைகளிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளங்கையால் மூக்கு நுனியைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மூக்குத்தண்டின் குறுக்கே மெல்லிய கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருமை படிந்திருக்கும். வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். ராத்திரி சரியாகத் தூங்காததால் வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். சோம்பேறி என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் வேண்டியது மூக்குக்கு வைத்தியம்.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரிச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போடலாம். தலையணைக்கு இறுக்கமான நெசவுள்ள உறை போடலாம். தரையை வறண்ட துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பஞ்சு பொம்மைகளை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துப் பிறகு துவைத்தால் பூச்சியும் சாகும், எச்சமும் போகும். பரண் சுத்தம் செய்கிற வேலையை ஒவ்வாமை உள்ளவர் தலையில் கட்டாதீர்கள்.

கரப்பான் பூச்சியின் எச்சமும் உதிர்ந்த தோலும் அடுத்த எதிரி. சுவரில் நீர்க்கசிவு இருக்கும் வீடுகளில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். வெளியே, நம் மாவட்டங்களை மூடிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தின் பூந்தாதும் ஒவ்வாமை தரக்கூடியது.

மூக்கடைப்புக்கு உடனடி நிவாரணம் தருகிற சொட்டு மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாறு நாளுக்கு மேல் போட்டால் மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். அதற்காக மறுபடி சொட்டு. வருஷக்கணக்கில் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே வேறு மருந்து. அது பலன் தரச் சில நாள் பிடிக்கும். நடுத் தண்டை நோக்கி அடிக்காமல், காது இருக்கிற பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும்.

வீசிங்

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கிலும் தொந்தரவு இருக்கும். ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு வரும் வறட்டு இருமல், ஓடி விளையாடினாலோ வாய்விட்டுச் சிரித்தாலோ வரும் இருமல், நெஞ்சில் விசில் போன்ற சத்தம் ஆகியவைதான் அடையாளங்கள். சில பிள்ளைகளுக்குச் சத்தமே கேட்காது, இருமல் மட்டும் இருக்கும். போகி அன்று டயர் எரிக்கும் புகை, கொசுவர்த்தி, சாம்பிராணி, மிளகாய் தாளிக்கும் நெடி எதற்கும் ஐஜிஇ உருவாவதில்லை. ஏற்கெனவே புண்ணாகி இருக்கிற மூச்சுக்குழலை அவை சீண்டுகின்றன. ஆனால் மூச்சுத்திணறல் மட்டும் உண்மையானது.

இங்கே நம் குடும்பங்களில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. "இன்ஹேலர் போட்டா பழகிடும், மாத்திரை போதும்." கணக்கைப் பாருங்கள். சால்புட்டமால் இன்ஹேலரின் ஒரு அழுத்தலில் 100 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. அதே மருந்து 4 மில்லிகிராம் மாத்திரையில் நாற்பது மடங்கு. அந்த நாற்பது மடங்கும் ரத்தத்தில் கலந்து, கை நடுங்க, நெஞ்சு படபடக்க, கடைசியில் கொஞ்சம் நுரையீரலுக்குப் போகும். வலிமையான மருந்தென்று பயந்து ஒதுக்குவது குறைந்த அளவு மருந்தைத்தான். மற்றொரு பிழை, திணறல் வரும்போது மட்டும் நிவாரண இன்ஹேலரை அடித்துவிட்டு, தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடுவது. உலகத்தில் ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியர். ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியர்கள் என்று உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இது மனதைச் சுடுகிற கணக்கு. மருந்து கண்டுபிடிக்கப்படாத நோயல்லவே இது.

தோல் சொல்லும் கதை

காணாக்கடி தெரியாதவர் இல்லை. திடீரென்று தடிப்பு தடிப்பாக எழும்பும், அரிக்கும், ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் வரும். ஒரு தடிப்பு எடுத்துக்கொண்டால் 24 மணி நேரத்துக்குள் தழும்பில்லாமல் மறைந்துவிடும். ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்று, எரிந்து, கன்றிப்போன தடம் விட்டால் அது வேறு நோயாக இருக்கலாம்.

ஆறு வாரத்துக்கு மேல் தொடர்கிற காணாக்கடிக்கு உணவு காரணமாவது மிக அரிது. உடம்பின் எதிர்ப்பு ஆற்றலே மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுவது பலருக்குக் காரணம். ஆனால் நடப்பது என்ன? முதல் மாதம் கத்திரிக்காய் போகிறது, அடுத்த மாதம் முட்டை, பிறகு மீன், நிலக்கடலை, தக்காளி. தடிப்பு மட்டும் போவதில்லை. மருத்துவர் சொன்ன அளவில் தூக்கம் தராத ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலே பெரும்பாலோருக்குக் கட்டுப்படும்.

ரத்தக்கொதிப்புக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரிப்பே இல்லாமல் உதடோ நாக்கோ வீங்கினால் அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். ஆரம்பித்து வருஷங்கள் கழித்தும் வரும். அலர்ஜி மாத்திரைக்கு அது அடங்காது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொட்ட இடத்தில் வருகிற ஒவ்வாமை வேறு வகை. இதில் ஐஜிஇக்கு வேலையில்லை. டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் நடத்துவது. அதனால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். காரணம் கண்ணில் படாமல் நழுவிப்போவது இந்தத் தாமதத்தால்தான். நம் பெண்கள் தாலிக்கொடியில் ஊக்கு கோத்துப் போடுகிறார்கள். அந்த ஊக்கு படுகிற நெஞ்சுப் பகுதியில் ஊறலும் கருமையும் வந்தால் முதலில் ஊக்கில் இருக்கும் நிக்கலைச் சந்தேகிக்க வேண்டும். கவரிங் தோடு, கைக்கடிகாரப் பட்டை, ஜீன்ஸ் பொத்தான் எல்லாம் அதே கதை. ஒட்டுப்பொட்டின் பசையில் சேர்க்கப்படும் ஒரு ரசாயனம் நெற்றியில் அரிப்பைத் தருவதோடு சிலருக்கு அந்த இடத்தை வெள்ளையாகவே ஆக்கிவிடுகிறது. அதை வெண்குஷ்டம் என்று நினைத்து மருகிய பெண்கள் உண்டு. வெண்குஷ்டத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடியதுதான் இது. பொட்டை நிறுத்திவிட்டு தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் இன்னும் ஏமாற்றுகிறது. பத்து வருஷம் பூசியிருப்பார்கள். ஒரு நாள் பூசிய மறுநாள் கண்ணிமை இரண்டும் மூடிக்கொள்கிற அளவுக்கு வீங்கும், காதோரமும் நெற்றியும் நீர் கோக்கும். தலைத்தோல் கனமானது, அதிகம் காட்டிக்கொடுக்காது, இமைத்தோல் மெலிசு. அதனால் பலரும் நேற்றுச் சாப்பிட்ட மீன் குழம்பைக் குற்றம் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் கையில் போடுகிற கறுப்பு மெஹந்தியிலும் அதே பிபிடிதான் சேர்க்கப்படுகிறது.

கொத்தனார், சித்தாள் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? விரலிடுக்கில் வெடிப்பு, புறங்கையில் தடித்து உரிந்த தோல். சிமென்டின் காரம் சுடுவது ஒரு பக்கம்; அதிலுள்ள குரோமியம் உப்புக்கு ஒவ்வாமை வருவது இன்னொரு பக்கம். இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் இந்தக் குரோமியத்தை அடக்கிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமென்டில் கரையும் ஆறிணைதிறன் குரோமியத்துக்கு பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. நம் தொழிலாளிக்கு ஒரு ஜோடி நல்ல கையுறைகூடக் கிடைப்பதில்லை. ஒவ்வாமை முற்றிய கொத்தனாருக்குத் தொழிலை விடுவதைத் தவிர வழி இருக்காது.

விவசாயிகளுக்கு அந்த இடத்தில் நிற்பது பார்த்தீனியம். கேரட் இலை போன்ற இலையும் சிறுசிறு வெள்ளைப் பூவும் உள்ள இந்தச் செடி 1950களில் புனேயில் கவனத்துக்கு வந்து, இன்று ரயில் பாதையோரத்திலும் தரிசிலும் எங்கும் நிற்கிறது. அதன் தூள் காற்றில் வந்து பட்டாலே போதும். கண்ணிமை, முகம், கழுத்து, சட்டை திறந்திருக்கும் நெஞ்சு, முழங்கை மடிப்பு என்று தோல் தடித்துக் கறுத்து, வெடித்து, ராத்திரியெல்லாம் அரிக்கும். பிடுங்குகிற வேலையை வெறுங்கையால் செய்யக்கூடாது. காய்ந்ததைக் கொளுத்துவதும் ஆபத்து.

இறால், நண்டு, கரப்பான் பண்டம்

பெரியவர்களிடம் உண்மையான உணவு ஒவ்வாமை என்றால் நம் கடற்கரையில் இறாலும் நண்டும் முன்னால் நிற்கும். சாப்பிட்ட நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வாய் அரிப்பு, உதட்டு வீக்கம், தடிப்பு, வாந்தி என்று வரும். காரணம் டிரோபோமயோசின் என்ற தசைப்புரதம். எவ்வளவு கொதித்தாலும் அழியாது; குழம்பின் ஆவியே சிலருக்குப் போதும். இதே வகைப் புரதம் தூசிப் பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் இருப்பதால் தும்மல்காரர்களில் சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்வதில்லை. மீன் ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் வேறு. ஆகவே இறால் ஆகாதவர் வஞ்சிரத்தையும் சேர்த்து விட வேண்டியதில்லை. மருத்துவரிடம் உறுதிப்படுத்திக்கொண்டால் போதும்.

மீன் விஷயத்தில் ஒரு போலியும் உண்டு. பிடித்த பிறகு பனிக்கட்டி காணாமல் வெயிலில் கிடந்த சூரை, அயிலை, மத்தியில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வரும். அச்சு அசல் ஒவ்வாமை மாதிரியே இருக்கும். அதே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் வந்திருந்தால் குற்றம் மீனுடையது, உங்கள் உடம்புடையது அல்ல.

பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகிறது என்றால் அது பெரும்பாலும் பாலின் சர்க்கரை செரிக்காத தொந்தரவு. ஒவ்வாமை இல்லை, அதற்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். கைக்குழந்தைகளுக்கு வரும் பசும்பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும்.

கன்னத்திலும் முழங்கை, முழங்கால் மடிப்பிலும் கரப்பான் வந்த குழந்தைக்கு 'கரப்பான் பண்டம்' ஆகாதென்று அம்மாவும் சேர்ந்து பத்தியம் இருக்கும் வீடுகள் ஏராளம். அந்தப் பத்தியத்தைவிட அந்தத் தோலைக் காப்பது முக்கியம். குளித்த ஈரம் காயுமுன் மாய்ச்சரைசர் தடவ வேண்டும். வெடித்த தோலில் கடலை மாவு, பயத்தமாவு தேய்ப்பதை நான் தயங்காமல் வேண்டாம் என்பேன். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2,000 பேருக்கு மேல், அதுவரை சாதாரணமாகச் சாப்பிட்ட கோதுமைக்கே ஒவ்வாமை வந்தது. தோல் வழியே போகும் உணவு பகையாகிறது. வாய் வழியே போனால் உடம்பு அதற்குப் பழகுகிறது. ஒவ்வாமை வரும் அபாயம் அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து லண்டனில் கிடியன் லாக் குழுவினர் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், 11 மாதத்துக்குள்ளாகவே நிலக்கடலை ஊட்டத் தொடங்கிய குழந்தைகளிடம் அந்த ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. முழுக்கடலை தொண்டையில் சிக்கும். அரைத்துக் குழைத்துத்தான் தர வேண்டும். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டு ஆரம்பிக்க வேண்டும்.

ஆய்வகங்கள் விற்கிற 'இருநூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை'யை நம்பிச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்புரதத்தைப் பார்க்கும் பட்டியல்கள் சொல்வது நீங்கள் எதைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான். ஐஜிஇ இருந்தால்கூட, சாப்பிட்டால் தொந்தரவு வருகிறதா என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

உணவுக்கு மட்டுமல்ல, மருந்துக்கும் ஒவ்வாமை வரும்; அதில் மறக்கக் கூடாதது மருந்தின் பெயர். "ஏதோ மஞ்சள் மாத்திரை" என்றால் அடுத்த மருத்துவருக்கு உதவாது. சீட்டை எடுத்துவைத்து, மருந்தின் மூலப்பெயரை எழுதிப் பர்ஸில் வையுங்கள். மறுபக்கம், பெனிசிலின் ஆகாது என்று சொல்லிக்கொள்பவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒத்துக்கொள்கிறது. புதிய மருந்து ஆரம்பித்துச் சில வாரத்துக்குள் காய்ச்சலோடு வாயில் புண், கண் சிவப்பு, தோல் உரிதல் வந்தால் ஒரு வேளைகூட மருந்தைத் தொடராமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிப்பு மருந்தும் சல்ஃபா மருந்தும் இதற்குப் பேர்போனவை.

தொடையில் ஒரு ஊசி

இனி, உயிரை எடுக்கிற வகை: அனாபிலாக்சிஸ். தேனீயோ குளவியோ கொட்டியதும், இறால் சாப்பிட்டதும், ஊசி போட்டதும் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பிக்கும். உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும். குரல் கம்மும், தொண்டை இறுகும், மூச்சு விசிலடிக்கும். வயிறு முறுக்கி வாந்தி வரும். கண் இருட்டும். "எனக்கு என்னமோ ஆகப்போகுது" என்று அவரே சொல்வார். அதையும் ஓர் அறிகுறியாக மருத்துவ நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது, நேராக மூச்சும் ரத்த அழுத்தமும் விழும்.

பிரிட்டனில் இத்தகைய மரணங்களை ஆராய்ந்த பம்ஃப்ரி, எதிர்வினை தொடங்கி இதயம் நிற்கும்வரை ஆன நேரத்தைக் கணக்கெடுத்து 2000இல் வெளியிட்டார். நடுமதிப்பு, மருந்தால் வந்ததற்கு 5 நிமிஷம், கொட்டியதற்கு 15, உணவுக்கு 30. மாத்திரை கரைந்து வேலை செய்ய இந்த நேரம் போதாது. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை அரிப்பைக் குறைக்கும். விழுகிற ரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது. ஸ்டீராய்டு ஊசிக்கும் மணிக்கணக்கு வேண்டும். உயிரைப் பிடித்து நிறுத்துகிற மருந்து அட்ரினலின் ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவருக்கு அரை மில்லிகிராம். அடங்காவிட்டால் ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று. விலை மலிவான, மிகப் பழைய மருந்து. அது தாமதமாகத் தரப்படுவதும், பயந்துகொண்டு தரப்படாமலே விடப்படுவதும்தான் பிரச்சினை.

உதவிக்கு நிற்பவர் செய்ய வேண்டியவை: 108ஐ அழைப்பது, நோயாளியைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைப்பது. மூச்சுத்திணறல் அதிகமென்றால் சாய்த்து உட்கார வைக்கலாம். நிற்கவோ நடக்கவோ விடக்கூடாது. எழுந்து நின்ற நொடியில் இறந்தவர்களைப் பம்ஃப்ரியின் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. "ஆட்டோ வரைக்கும் நடந்து வந்துடுறேன்" என்பவரைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். ஊசி போட்டதும் தேறிவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்துவரவும் கூடாது. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

தாங்களே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா வெளிநாடுகளில் பள்ளிப் பையிலேயே இருக்கிறது. நம் ஊர் மருந்துக்கடையில் எளிதில் கிடைப்பதில்லை. ஒருமுறை அனாபிலாக்சிஸ் வந்து பிழைத்தவரை, காரணத்தை எழுதிய கடிதமும் அட்ரினலின் குப்பியும் சிரிஞ்சும் இல்லாமல், அதைப் போடக் குடும்பத்தில் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வாங்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையாக இருந்தால் பள்ளிக்கும் ஒரு நகல் கொடுங்கள்.